பெங்களூர் ப்ரூவரி உரிமையாளர்களுக்கு: மேசையில் பேச இடம் கொடுங்கள்

பெங்களூரில் மைக்ரோ ப்ரூவரியும் (பீரை அங்கேயே காய்ச்சிப் பரிமாறும் இடம்) காக்டெய்ல் பாரும் நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

இந்த மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து எங்களுக்கு வாட்ஸ்அப் செய்தி ஒன்று வந்தது. இனி வாரம் முழுக்க மாலை 7 மணிக்கே டிஜே தொடங்கிவிடும். முன்பதிவு செய்தாலும் மேசை 90 நிமிடத்துக்குத்தான். மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய மர மேசைகளை எடுத்துவிட்டு, நின்றபடி குடிக்கும் உயர மேசைகளைப் போட்டிருக்கிறார்கள். வந்து கொண்டாடுங்கள் என்று முடிந்திருந்தது செய்தி.

அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்திராநகர், கோரமங்களா, எச்எஸ்ஆர், வைட்ஃபீல்டு என்று எங்கே போனாலும் கடந்த சில ஆண்டுகளாக இதே மாற்றத்தைத்தான் பார்க்கிறோம். வார இறுதிக்கு மட்டும் என்று வந்த டிஜே வெள்ளிக்கு நகர்ந்தார், அப்புறம் புதனுக்கு வந்தார். எங்களுக்கு மிஞ்சியிருந்த கடைசி இடமும் இப்போது போய்விட்டது. அதனால்தான் இந்த மடல். எங்கள் மேசையில் பேச்சு பெரும்பாலும் தமிழில் நடக்கும், நடுவே கன்னடமும் கலக்கும். மனதில் தோன்றிய மொழியிலேயே எழுதுகிறேன். உங்கள் கைக்கு வரும்போது கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வரும்.

எங்கள் மேசையில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் ஒன்றாகப் படித்து வேலைக்காக இந்த ஊருக்கு வந்த சிலர், இங்கே வந்தபின் சேர்ந்துகொண்ட சிலர். எல்லோரும் நாற்பதைத் தொட்டுவிட்டோம். ஒருவருக்குக் கோதுமை பீர்தான் வேண்டும். இன்னொருவர் வெயில் காலத்திலும் ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர்தான் கேட்பார். ஒருத்தி நெக்ரோனி என்னும் கசப்பான காக்டெய்லைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். ஒருவர் மதுவே குடிப்பதில்லை. இஞ்சி போட்ட எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு எங்களோடு கடைசிவரை இருப்பார், திரும்பும்போது காரையும் அவரே ஓட்டுவார். வியாழக்கிழமை மாலைகளில் யார் ஊரில் இருக்கிறார்களோ அவர்கள் கூடுவோம்.

பேசுவது பெரிய விஷயம் எதுவும் இல்லை. சில்க் போர்டு சந்திப்பில் மாட்டிக்கொண்டது, மகளின் பள்ளிக் கட்டணம், ஊரில் தனியாக இருக்கும் அம்மா கீழே விழுந்தது, யாரோ வாங்கிய மனை வில்லங்கத்தில் போனது, முப்பது வருடத்துக்கு முந்தைய கிரிக்கெட் போட்டியில் நடுவர் செய்த தவறு. ஆனால் முக்கியமான பேச்சு இந்த வெட்டிப் பேச்சுக்கு நடுவில்தான் வரும். யாரும் நண்பனைத் தொலைபேசியில் கூப்பிட்டு "எனக்கு மனது சரியில்லை, பேச வேண்டும்" என்று ஆரம்பிப்பதில்லை, அதுவும் எங்கள் தலைமுறை ஆண்கள். இரண்டாவது கிளாஸ் பாதியில் இருக்கும்போது, வேறு எதையோ சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஒரு வரி காதில் விழ வேண்டும். விழுந்தால்தான் இன்னொருவர் "என்ன சொன்னே, திரும்பச் சொல்லு" என்று பிடித்துக்கொள்ள முடியும். ஒரு நண்பரின் விவாகரத்து எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. இன்னொருவர் தன் அப்பாவின் புற்றுநோயைச் சொன்னதும் அப்படித்தான்.

சென்ற ஆண்டு எங்களில் ஒருவருக்கு வேலை போனது. ஐடி கம்பெனியில் பல வருடங்கள் இருந்தவர். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, முதலில் எங்களிடம் சொல்லலாம் என்று வந்திருக்கிறார். நாங்கள் உட்கார்ந்தது நகரின் கிழக்குப் பக்கம் ஒரு ப்ரூவரியில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. வேறு மேசை கேட்டோம், கிடைக்கவில்லை. அவர் சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. "என்ன?" என்றோம். மறுபடி சொன்னார். மூன்றாவது முறை கத்திச் சொல்லத் தயாரானவர் வாயை மூடிக்கொண்டார். கைபேசியில் தட்டச்சு செய்து, அதை மேசையைச் சுற்றி ஒவ்வொருவருக்கும் காட்டினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எங்களால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை, சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது. பில்லைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, கார் நிறுத்தும் இடத்தில் கொசுக்கடியில் நின்று பேசினோம். உள்ளே நாங்கள் கொடுத்த பணத்துக்கு எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது வெளியே அந்தச் சிமெண்ட் தரையில்தான் கிடைத்தது. அதை நான் மறக்கவில்லை.

"வீட்டில் உட்கார்ந்து பேசுங்களேன்" என்று நீங்கள் கேட்கலாம். சிலரிடமிருந்து அந்தப் பதில் ஏற்கெனவே வந்திருக்கிறது. இந்த ஊரின் வீடுகள் உங்களுக்குத் தெரியாததா? இரண்டு படுக்கையறைக்குள் மாமியார், குழந்தைகள், வீட்டிலிருந்தே வேலை செய்யும் கணவனும் மனைவியும். வாடகைக்கு இருக்கும் தனியாட்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டால் வீட்டு உரிமையாளர் மறுநாள் காலை வந்து நிற்பார். தர்ஷினி என்னும் சிறு உணவகங்களில் காபி அருமைதான், ஆனால் அவை நின்று சாப்பிட்டுவிட்டு நகர்வதற்காகவே அமைந்தவை. நட்பு உட்கார்ந்து பேச வீடும் அலுவலகமும் அல்லாத ஒரு மூன்றாம் இடம் வேண்டியிருக்கிறது, அந்த இடத்தை இந்த ஊருக்குக் கொடுத்தவர்களே நீங்கள்தான்.

அதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். 2010ல் இந்திராநகரில் டாயிட் ப்ரூவரி திறந்தது, 2011ல் விட்டல் மல்லையா சாலையில் பியர் கிளப், அடுத்த ஆண்டு ஆர்பரும் வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸும். அதற்கு முன்னால் எங்களுக்கு பீர் என்றால் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்த, ஸ்ட்ராங் என்று லேபிளில் எழுதிய பாட்டில். வேகமாகக் குடித்து முடிப்பதைத் தவிர அதில் செய்ய ஒன்றுமில்லை. உங்களிடம் வந்தபிறகுதான் மெதுவாகக் குடிக்கக் கற்றோம். ஹெஃபவைசன் என்னும் ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வருகிறதே, வாழைப்பழம் போடுவீர்களா என்று கேட்டோம். பீர் காய்ச்சும் உங்கள் ப்ரூவர் சிரித்துக்கொண்டே, இல்லை, எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை, நொதிக்கும் வெப்பநிலை ஏறி இறங்கினால் அந்த வாசனையும் மாறும் என்று தொட்டிக்கு முன்னால் நிறுத்தி விளக்கினார். ஸ்டவுட்டைக் கொஞ்சம் சூடேற விட்டுக் குடியுங்கள், அப்போதுதான் காபியும் சாக்லேட்டும் தெரியும் என்றார். அது எவ்வளவு நல்ல மாலை. பீரைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம், பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். இன்றைக்கு உங்கள் ப்ரூவர் அதே விளக்கத்தைச் சொல்ல வந்தால் எங்களுக்கு உதட்டசைவு மட்டும்தான் தெரியும்.

ஒரு பீர் கிளாசுக்கு வர இரண்டு மூன்று வாரமாவது ஆகிறது. லாகர் வகை பீர் என்றால் இன்னும் அதிகம். அவ்வளவு பொறுமையாகச் செய்ததை, ருசியே தெரியாத சூழலில் கொண்டுவந்து வைக்கிறீர்கள். இது பேச்சுக்குச் சொல்வதில்லை. பின்னணி இரைச்சல் கூடினால் இனிப்பும் உப்பும் நாக்குக்கு மங்கித் தெரிகின்றன என்று 2011ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காக்டெய்லுக்கும் இது பொருந்தும். நெக்ரோனியில் ஐஸ் கரையக் கரையக் கசப்பு இறங்கி ஆரஞ்சு மேலே வரும், அதைக் கவனித்துக்கொண்டே குடிப்பதுதான் அதன் சுகம். ஆசியாவின் சிறந்த 50 பார்கள் பட்டியலில் பெங்களூர் பார்களும் இடம்பிடித்திருக்கின்றன, உங்களில் சிலர் அந்தப் பெருமையை முகப்பிலேயே சொல்கிறீர்கள். அந்தத் தரத்துக்குக் கலந்த பானத்தை நான்கு மடக்கில் குடித்துவிட்டு எழுந்திருக்கும்படி இருக்கிறது இப்போதைய அமைப்பு.

சத்தத்தின் கணக்குக்கு வருகிறேன். ஒரு மீட்டர் தள்ளி இருப்பவரிடம் நாம் சாதாரணமாகப் பேசும் சத்தம் சுமார் 60 டெசிபல். உங்களில் சிலரது இடங்களில், டிஜே வந்த பிறகு, என் கைபேசிச் செயலியில் அளவு 90ஐத் தாண்டுகிறது. கைபேசி துல்லியமான கருவி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். உங்களிடம் ஒலிப் பொறியாளர் இருப்பார், சரியான கருவியில் அளந்து பாருங்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் ஒருவர் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்கிறது. அதற்கு மேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைகிறது. 94 டெசிபல் என்றால் ஒரே ஒரு மணி நேரம்.

நாங்கள் ஒன்றரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவோம். உங்கள் ஊழியர்கள்? அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, இரவு ஒரு மணி வரை அந்த ஒலிபெருக்கிகளுக்கு நடுவே தட்டு ஏந்தும் இளைஞர்கள். ஆர்டர் எடுக்கக் குனிந்து காதை நம் வாயருகே கொண்டுவருகிறார்கள், அப்படியும் கேட்காமல் மெனுவை விரலால் காட்டச் சொல்கிறார்கள். பழக்கமான ஒரு பையன், அறைக்குப் போய்ப் படுத்த பிறகும் காதில் 'உய்ய்' என்று இரைந்துகொண்டே இருக்கிறது அண்ணா என்றான். வயது இருபத்து மூன்று, இருபத்து நான்கு இருக்கும். அவன் செவிக்கு நீங்கள்தான் பொறுப்பு.

எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு காது கேட்காது, மற்ற காதில் கருவி. அமைதியான அறையில் அவர்தான் எங்களில் அதிகம் பேசுபவர், நல்ல கதைசொல்லி. காதுக் கருவி பேச்சோடு சேர்த்து இரைச்சலையும் பெரிதாக்கும், இரைச்சல் மிகும்போது அவர் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புன்னகையோடு உட்கார்ந்திருப்பார். சில மாதங்களாக வருவதையே நிறுத்திவிட்டார். கேட்டால் வேலை என்கிறார். வேலை காரணமில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

எங்கள் கூட்டத்துத் தோழி சொன்னதையும் நீங்கள் கேட்க வேண்டும். சத்தம் கூடினால் ஆண்கள் காதருகே வந்துதான் பேசுகிறார்கள். நண்பர்களிடம் அது பரவாயில்லை. அலுவலகக் கூட்டத்தோடு வரும்போது, அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் தோளைத் தொட்டு, முகத்தைக் கழுத்தருகே கொண்டுவந்து பேச அந்த இரைச்சல் ஒரு சாக்காகிவிடுகிறது. விலகி உட்கார்ந்தால் 'திமிர்' என்ற பெயர். பெண்களுக்கு வாரத்தில் ஒரு நாள் இலவச பானம் தருவதைவிட, கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து பேசக்கூடிய சூழலைத் தருவது அவர்களுக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இசைக்கு நான் எதிரி இல்லை. 2018 ஜனவரியில், இசை நிகழ்ச்சி நடத்த உரிமம் வேண்டும் என்ற பெங்களூர் காவல்துறையின் 2005ஆம் ஆண்டு ஆணையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும், அந்த ஆண்டின் நடுவில் பல பப்களில் பாட்டே நின்றுபோனதும் நினைவிருக்கும். அப்போது மேடையை நம்பியிருந்த கலைஞர்கள் பட்ட கஷ்டம் நியாயமற்றது. ஆனால் அதே வாரங்களில் நாங்கள் இன்னொன்றையும் பார்த்தோம். பாட்டு இல்லாத இடங்களிலும் மேசைகள் நிரம்பியிருந்தன. ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. நல்ல இசைக்குழு வரும் நாளில் அதைக் கேட்கவே நாங்களும் வருவோம், வாயை மூடிக்கொண்டு கேட்போம். யாருமே கேட்காத, பேசவும் விடாத ஒரு பாட்டுக் கலவையை நாள் தவறாமல் ஓட்டுவதில் யாருக்கு என்ன லாபம்?

அக்கம்பக்கத்தாரும் உங்கள் மேல் கோபமாக இருக்கிறார்கள். இந்திராநகர் 12வது மெயின் சாலையைச் சுற்றி வசிப்பவர்கள் இந்தச் சத்தத்துக்காக உயர் நீதிமன்றம் வரை போனார்கள். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல், வணிகப் பகுதியில் 55 என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வகுத்த அளவு. கூரையைத் திறந்துபோட்டு டிஜே வைத்தால் அந்த அளவுக்குள் நிற்க வழியே இல்லை. பேசுகிறவர்கள் நிரம்பிய இடத்தின் மேல் எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் வழக்குப் போட மெனக்கெடமாட்டார்.

1995ல் ஜெர்மனியின் ம்யூனிக்கை ஒட்டிய ஒரு பீர் தோட்டத்தை இரவு 9.30க்கே மூடச் சொன்னபோது ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். 1999ல் பவேரிய அரசு தனி ஆணையே போட்டது: தோட்டம் இரவு 11 மணி வரை திறந்திருக்கலாம், ஆனால் இசை 10 மணிக்கு நிற்க வேண்டும். மரத்தடியில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசும் வழக்கத்தைக் காப்பதற்காக அந்தச் சலுகை. நீங்கள் ஹெஃபவைசன் செய்முறையை எடுத்துக்கொண்டது அந்தப் பவேரியாவிலிருந்துதான். நம் ஊரிலும் உதாரணம் இருக்கிறது. செயின்ட் மார்க்ஸ் சாலையின் பழைய உணவகமான கோஷிஸில் இன்றைக்கும் ஒரு பீரை வைத்துக்கொண்டு எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களும் வக்கீல்களும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தை ஊரே கொண்டாடுவது அதற்காகத்தான்.

பேசுகிறவர்கள் ஒரு கிளாசோடு நெடுநேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள், வாடகை யார் கொடுப்பது என்பது உங்கள் தரப்பு. வாடகையும் உரிமக் கட்டணமும் கழுத்தை நெரிப்பது எனக்குத் தெரியும், சனிக்கிழமை இரவு உங்களுக்கு வேண்டியதுதான். அந்த இரவை நாங்கள் கேட்கவில்லை. திங்கள் முதல் வியாழன் வரை உங்கள் மேசைகளில் பாதி காலியாகக் கிடக்கிறது, ஆளில்லாத தளத்துக்கு டிஜே வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்த நாட்களில் வருபவர்கள் எங்களைப் போன்றவர்கள். நாங்கள் பசியோடு வருகிறோம், சாப்பாடு சொல்கிறோம், ஊரிலிருந்து யார் வந்தாலும் பெருமையாக அழைத்துவருகிறோம். அப்படியும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு ஆண்கள் மட்டும் வந்தால் 'ஸ்டேக் என்ட்ரி இல்லை', அதாவது பெண் துணையில்லாத ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் நிறுத்துகிறீர்கள். இருபது வருட நண்பர்கள் நான்கு பேர் வாசலில் பவுன்சரிடம் தங்கள் நடத்தையை நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. பெண்களின் பாதுகாப்புக்கு என்கிறீர்கள். தவறு செய்பவனை வெளியேற்றுங்கள், நாங்களே துணை நிற்போம்.

எனவே நாங்கள் கேட்பவை இவை.

திங்கள் முதல் வியாழன் வரை டிஜே வேண்டாம். பாட்டு இருக்கட்டும், மேசையின் எதிர்ப்புறம் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் இருக்கட்டும். அந்த அளவை மேலாளர் ஒவ்வொரு மாலையும் கருவியால் அளந்து குறித்துவைக்க வேண்டும். வார இறுதியிலும் ஒரு பகுதியை, கதவோ தடுப்போ போட்டு, அமைதியான பகுதியாக ஒதுக்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022ல் பொழுதுபோக்கு அரங்குகளுக்கு வெளியிட்ட நெறிமுறையிலேயே அமைதியான பகுதி ஒரு பரிந்துரையாக இருக்கிறது. முன்பதிவு செய்யும்போதே அந்தப் பகுதியைக் கேட்டு வாங்க வழி இருக்க வேண்டும்.

உங்கள் கட்டடங்கள் கான்கிரீட்டும் கண்ணாடியும் இரும்புமாக இருக்கின்றன, விழுந்த சத்தம் எல்லாம் திரும்பி வருகிறது. அதைத் தாண்டிக் கேட்க ஒவ்வொரு மேசையும் குரலை உயர்த்துகிறது, அதைத் தாண்டப் பக்கத்து மேசை. பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்டு 1911லேயே இதை விளக்கிவிட்டார். கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் போடுங்கள், கனத்த திரைகள் தொங்கவிடுங்கள், இரண்டு ராட்சத ஒலிபெருக்கிகளுக்குப் பதில் சிறியவற்றைப் பரவலாக வையுங்கள். அடுத்த முறை உள்ளலங்காரத்துக்குச் செலவு செய்யும்போது இதை முதல் வரியில் எழுதுங்கள்.

கூட்டமில்லாத நாட்களில் 90 நிமிடக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். உட்காரும் உயரத்தில், முதுகு சாய நாற்காலியோடு மேசைகளைத் திரும்பப் போடுங்கள். ஆண்கள் மட்டும் வரும் கூட்டத்தை வாசலில் திருப்பி அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுங்கள். ஊழியர்களுக்குக் காதுப் பாதுகாப்புச் செருகிகள் கொடுங்கள், ஒலிபெருக்கி அருகே ஒரே ஆளை இரவு முழுக்க நிறுத்தாதீர்கள், ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் செவித்திறனைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால், ஒரே ஒரு மாதம், வியாழக்கிழமைகளில் மட்டும், சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். குறைத்திருக்கிறோம் என்று வாசலிலும் உங்கள் பக்கங்களிலும் அறிவியுங்கள். மாத முடிவில் அந்த நாட்களின் விற்பனையை முந்தைய மாத வியாழக்கிழமைகளோடு வைத்துப் பார்த்துவிட்டு, முடிவை எங்களுக்கும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இந்திராநகர் பக்கம் வசிக்கும் ஒரு வாடிக்கையாளர்